சவ்வில் புரதம் ஒட்டுகிறதா? படியவைப்பதா, மிதக்கவைப்பதா, எஸ்பிஆரா

லிப்பிட் சவ்வோடு ஒரு புரதம் பிணைகிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளை நாடுகின்றன. லிப்போசோமோடு (லிப்பிட் இரட்டை அடுக்காலான நுண்ணிய குமிழி) சேர்த்து மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியவைக்கலாம். சுக்ரோஸ் அடுக்குகளின் வழியே மேலே மிதக்கவைக்கலாம். எஸ்பிஆர் (மேற்பரப்பில் ஒட்டுவதை ஒளியால் அளக்கும் முறை) சிப்பில் சவ்வைப் பிடித்துவைத்து அதன்மேல் புரதத்தை ஓடவிடலாம். இந்த மூன்றில் முதலில் செய்ய வேண்டியது மிதக்கவைப்பதுதான் என்பது என் நிலைப்பாடு. பிணைப்பின் வலிமைக்கு எண் தேவைப்படும்போது மற்ற இரண்டுக்கும் போகலாம். "ஒட்டுகிறது" என்று சொல்லவே நமக்கு உரிமை இருக்கிறதா என்பதை முடிவு செய்வது மிதப்பு.

நைட்ரோசெல்லுலோஸ் தாளில் லிப்பிட் புள்ளிகள் வைத்து விற்கப்படும் பட்டைகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அந்தப் புள்ளியில் இரட்டை அடுக்கு கிடையாது. இல்லாத பிணைப்பைக் காட்டுவதும் இருப்பதை மறைப்பதும் அதில் சகஜம். எந்த லிப்பிட்டை முதலில் சோதிக்கலாம் என்று யோசிக்க உதவும், அவ்வளவுதான்.

படியவைக்கும் முறை எளிது. 100 நானோமீட்டர் லிப்போசோம்கள் சாதாரண பஃபரில் முழுமையாக அடியில் இறங்காது என்பதால், உள்ளே 176 மில்லிமோலார் சுக்ரோஸும் வெளியே அதே ஆஸ்மோட்டிக் அழுத்தம் தரும் 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் இருக்கும்படி தயாரிப்பார்கள். புரதத்தோடு கலந்து, 100,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) ஒரு மணி நேரம் சுழற்றி, மேல்நீரையும் அடியில் படிந்த பெல்லட்டையும் எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டுவது) ஓட்டினால் முடிந்தது. அரை நாள் வேலை.

சிக்கல் என்னவென்றால், திரண்டுபோன புரதமும் அதே அடியில்தான் வந்து உட்காரும். பாக்டீரியாவில் தயாரித்த சவ்வுப்புறப் புரதங்கள் பலவற்றில் நீர்விலக்கும் பகுதிகள் வெளியே தெரியும். உறைநிலையிலிருந்து எடுத்து உருக்கும்போதோ உப்பு குறையும்போதோ அவை திரள்கின்றன. லிப்போசோம் இல்லாத குழாயை ஒப்பீட்டுக்கு வைத்துக் கழித்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தக் கழித்தல் செல்லாது. லிப்பிட் இல்லாமல் 20 சதவீதமும் லிப்பிட்டோடு 45 சதவீதமும் கீழே போனால், பிணைந்தது 25 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஆனால் எதிர்மின் சவ்வின்மேல் நேர்மின் புரதம் குவியும்போது அங்கேயே திரளலாம். அப்போது திரளின் அளவு இரண்டு குழாயிலும் ஒன்றாக இருக்காது. மறுபுறம், லிப்போசோமோடு பிணைந்ததால் சில புரதங்கள் திரளாமல் தப்பவும் கூடும். எந்தப் பக்கம் பிழை விழுந்தது என்று ஜெல்லைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

மிதப்பில் திசை மாறுகிறது. புரதத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.35 கிராம், 30 சதவீதச் சுக்ரோஸுக்கு 1.11, லிப்பிட்டுக்கு 1-ஐ ஒட்டி. தனிப் புரதமும் திரளும் கீழேயே நிற்கும். லிப்போசோமைப் பிடித்துக்கொண்டதுதான் மேலே வரும்.

செய்முறை இப்படி. லிப்பிட் கலவையைக் குளோரோஃபார்மில் கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, இரண்டு மணி நேரம் வெற்றிடத்தில் வைக்க வேண்டும். கலவையில் பாஸ்பாடிடைல்இனாசிட்டால்-4,5-பிஸ்பாஸ்பேட் (எதிர்மின் லிப்பிட், இனி பிப்-2) இருந்தால், அதை முதலில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் 20:9:1 விகிதக் கரைசலில் கரைத்துக்கொள்ளுங்கள். தனிக் குளோரோஃபார்மில் அது சரியாகக் கரையாது. சொன்ன விகிதம் லிப்போசோமுக்குள் போய்ச் சேராது. கண்காணிப்புக்கு 0.2 மோல் சதவீதம் என்பிடி-பிஇ என்ற ஒளிரும் லிப்பிட் சேர்க்கலாம். பஃபர் ஊற்றி நீரேற்றி, ஐந்து முறை உறையவைத்து உருக்கி, 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் வடிகட்டியில் 21 முறை தள்ள வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு: கடைசித் தள்ளலில் லிப்போசோம் எதிர்ப்பக்கச் சிரிஞ்சில் வந்து சேரும், வடிகட்டாத மிச்சம் அதில் கலக்காது. டிபிபிசி போல 41 டிகிரியில் உருகும் லிப்பிட் இருந்தால் எக்ஸ்ட்ரூடரை (வடிகட்டி வழியே தள்ளும் கருவி) அதற்கு மேல் சூடாக வைக்க வேண்டும். பிஓபிசி (நிகர மின்னூட்டமற்ற சாதாரண லிப்பிட்) மட்டுமென்றால் அறை வெப்பமே போதும்.

புரதத்தை அன்றைக்கே 100,000 ஜி-யில் முன்கூட்டிச் சுழற்றித் தெளிவாக்குங்கள். மிதப்பு முறையிலும் இதைத் தவிர்க்கக் கூடாது. திரளே லிப்போசோமில் ஒட்டிக்கொண்டால் அதுவும் மேலே வந்துவிடும். பிறகு 150 மைக்ரோலிட்டரில் 0.75 மைக்ரோமோலார் புரதமும் 1 மில்லிமோலார் லிப்பிட்டும் கலந்து 10 நிமிடம் வைத்து, 75 சதவீதச் சுக்ரோஸ் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கலவை 30 சதவீதமாகும். அதன்மேல் 25 சதவீதச் சுக்ரோஸ் 200 மைக்ரோலிட்டர், அதற்கும் மேல் வெறும் பஃபர் 50 மைக்ரோலிட்டர். ஸ்விங் ரோட்டரில் 240,000 ஜி, ஒரு மணி நேரம். நிலைக்கோண ரோட்டர் வேண்டாம், அடுக்குகள் குழாய்ச் சுவரில் சரிந்து கலந்துவிடும். முடிந்ததும் மழுங்கிய ஊசிச் சிரிஞ்சால் அடியிலிருந்து 250, 150, 100 மைக்ரோலிட்டராக எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் லிப்போசோம் படலம் பிப்பெட் முனையில் ஒட்டிப் போகும்.

மேல் 100 மைக்ரோலிட்டரின் என்பிடி ஒளிர்வை மொத்தத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு லிப்பிட் மேலே வந்தது என்று கணக்கிட்டுப் புரதத்தின் பங்கைத் திருத்துங்கள். மூன்று பின்னங்களையும் ஜெல்லில் ஓட்டி, கூட்டுத்தொகை உள்ளே போட்ட புரதத்துக்குச் சமமாகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் குழாய்ச் சுவர் விழுங்கியிருக்கிறது.

இந்த முறையின் பலவீனத்தையும் நேராகச் சொல்ல வேண்டும். லிப்போசோம் மேலே ஏற ஏற, சுற்றிலும் தனிப் புரதம் இல்லாத பகுதிக்குள் போகிறது. பிடி விட்ட மூலக்கூறு திரும்பப் பிடிக்காது. நொடிக்குள் பிரியும் புரதங்கள் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே மிதப்பில் கிடைக்கும் "ஆம்" வலுவானது, "இல்லை" அப்படியல்ல. இன்னொன்று, 30 சதவீதச் சுக்ரோஸ் என்பது ஏறத்தாழ 0.88 மோலார். லிப்போசோமின் உள்ளிருந்து தண்ணீர் வெளியேறி அது சுருங்கும். வளைவை உணரும் புரதங்களுக்கு இது பெரிய விஷயம். அங்கே சுக்ரோஸுக்குப் பதில் ஆஸ்மோட்டிக் அழுத்தம் குறைந்த அயோடிக்சனால் என்ற பொருளின் கரைசல் நல்லது. படியவைக்கும் முறைக்குச் சொன்ன சுக்ரோஸ் நிரப்பிய லிப்போசோம்களை இதற்குப் பயன்படுத்த முடியாது என்பதும் நினைவிருக்கட்டும், புதிதாகச் செய்ய வேண்டும்.

எஸ்பிஆரின் கவர்ச்சி தெரிந்ததே: ஒட்டும் வேகம், பிரியும் வேகம் இரண்டும் கண்ணெதிரே. பராமரிப்புதான் ஆளைச் சாய்க்கும். லிப்போசோமைப் பிடிக்க நீர்விலக்கும் வால்கள் கொண்ட எல்1 சிப்பில் நிமிடத்துக்கு 2 முதல் 5 மைக்ரோலிட்டர் வேகத்தில் லிப்போசோமை ஏற்றி, தளர்ந்து தொங்குபவற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடால் சிறிது நேரம் கழுவி, 0.1 மில்லிகிராம்/மில்லி பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) விட்டு மேற்பரப்பு முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஎஸ்ஏ கணிசமாக ஒட்டினால் இடைவெளி இருக்கிறது. ஒப்பீட்டுத் தடத்தில் வெறும் சிப்பை விடாமல் பிஓபிசி ஏற்றுங்கள். வெறும் எல்1-இன் நீர்விலக்கும் வால்கள் எதையும் பிடிக்கும். கடைசியில் சாப்ஸ், ஆக்டைல்குளுக்கோசைடு என்ற சோப்பு வகைகள் கொண்டு எல்லாவற்றையும் கழுவி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்ட வேகத்தை மாற்றும்போது ஒட்டும் வேகமும் மாறினால், நீங்கள் அளப்பது பிணைப்பை அல்ல, புரதம் மேற்பரப்புக்கு வந்து சேரும் வேகத்தை. ஒளியிழை முனையில் ஒட்டுவதை அளக்கும் பயோலேயர் இன்டர்ஃபெரோமெட்ரி இந்தச் சுமையைக் குறைக்கும் என்று தோன்றுகிறது. லிப்போசோமோடு அதன்மீது எனக்குள்ள நம்பிக்கை இன்னும் அரைகுறைதான்.

எந்த வழியில் போனாலும் பிரிகை மாறிலியை (பாதிப் புரதம் பிணைந்திருக்கும் செறிவு) எழுதும்போது எதன் செறிவில் என்று சொல்லுங்கள். 1 மில்லிமோலார் லிப்பிட்டில் புரதத்துக்கு எட்டுவது வெளி அடுக்கு மட்டுமே, அதாவது 0.5 மில்லிமோலார். அதில் 2 மோல் சதவீதம் பிப்-2 என்றால் 10 மைக்ரோமோலார். ஒரே அளவீட்டை மொத்த லிப்பிட்டிலும் பிப்-2-விலும் எழுதினால் 50 மடங்கு வேறுபாடு வரும்.

முறை சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க பிஎல்சி-டெல்டா1 நொதியில் பிப்-2-வைப் பிடிக்கும் பகுதியான பிஹெச் டொமைன் நல்ல அளவுகோல். பிப்-2-வுக்கு அதன் பிரிகை மாறிலி ஒன்றிரண்டு மைக்ரோமோலார். மேலே சொன்ன மிதப்பில் அதே 2 மோல் சதவீதம் பிப்-2 இருந்தால், சுக்ரோஸ் சேர்ந்தபின் எட்டும் பிப்-2 செறிவு 6 மைக்ரோமோலாருக்கு இறங்கும், எனவே சமநிலையில் முக்கால் பங்காவது பிணைந்திருக்க வேண்டும். அதில் மிகச் சிறு பங்கு மட்டும் மேலே வந்தால் லிப்போசோமில் பிப்-2 இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிப்-2 இல்லாத பிஓபிசியோடும் அது மிதந்தால், முன்சுழற்சியைத் திரும்பச் செய்யுங்கள். அந்த டொமைனை ஜிஎஸ்டி (சுத்திகரிக்க வசதியாக ஒட்டப்படும் புரதம்) இணைப்போடு வைத்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டே ஓட்டுங்கள்: ஜிஎஸ்டி இரட்டையாகச் சேரும், ஒரே நேரத்தில் இரண்டு டொமைன்கள் சவ்வைப் பிடிக்கும், பலவீனமான பிணைப்பும் வலுவானதாகத் தெரியும்.