மின்சாரக் காரும் தீ பற்றிய அச்சமும்: திருவொற்றியூரிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

2021 இறுதியில் வாங்கிய டாடா நெக்ஸான் மின்சாரக் காரை வடசென்னையின் திருவொற்றியூரில் ஓட்டி வருகிறேன். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, தீப்பிடிக்காதா என்பதைத்தான் அக்கம்பக்கத்தார் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்; அடுத்த சில நாட்களில் எங்களுக்கு அருகிலுள்ள மாத்தூர் சுங்கச்சாவடிப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் புகைந்து எரிந்தது. அந்த ஜூனில் மும்பையை அடுத்த வசாயில் எரிந்தது நான் ஓட்டும் அதே மாடல் கார்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மின்சாரக் கார்களே பாதுகாப்பானவையாகத் தெரிகின்றன. சுவீடனின் அரசுத் தரவுகளின்படி அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மின்சாரக் கார்களே எரிகின்றன. பெட்ரோல், டீசல் கார்களில் அது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எனினும் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதையும், பழைய வண்டிகளே அதிகம் எரியும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஒப்பீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, இரண்டு தீயின் தன்மையும் வேறு என்பது. பேட்டரியில் ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லுக்குப் பரவும்போது நச்சுப்புகை வெளியேறுகிறது, அணைப்பதற்குப் பெருமளவு தண்ணீர் தேவைப்படுகிறது, அணைந்த பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே எத்தனை கார்கள் எரிகின்றன என்பதோடு, எரிந்தால் அந்தக் கார் எங்கே நின்றுகொண்டிருக்கும் என்பதையும் கேட்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

என் காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. நிக்கல் கலந்த வகையைவிட அதிக வெப்பம் வரை அது தாங்கும்; எரியும்போது வெளியிடும் வெப்பமும் குறைவு. ஆனால் எரியவே எரியாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரிக்குள் வெப்பம் கட்டுமீறினால், பயணிகளுக்கு ஆபத்து நேர்வதற்குக் குறைந்தது 5 நிமிடங்களுக்கு முன் எச்சரிக்கை வர வேண்டும் என்று, மின்வாகனப் பாதுகாப்புக்கான இந்தியத் தரவிதியான ஏஐஎஸ் 038இன் இரண்டாம் திருத்தம் கோருகிறது. என் கார் அது நடைமுறைக்கு வருவதற்கு முந்தையது. பழைய காரை வாங்குவோர் தயாரிப்பு ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் எனக்குக் கவலை தருவது பேட்டரியைவிடச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்தான். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் அதே மாதிரியான சாக்கெட்டிலிருந்து இரவெல்லாம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும். இணைப்பு சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும். கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் உப்புக்காற்று பித்தளை முனைகளில் சீக்கிரமே களிம்பு ஏற்றிவிடுகிறது. மண்ணிலுள்ள உப்பு எர்த் கம்பியையும் அரித்துவிடுகிறது. எனவே மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி ஒயர் இழுத்து, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் தனி எம்சிபியும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்தி, புதிதாக எர்த் குழியும் போட்டோம். மழைக்காலத்துக்கு முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்கிறேன். சார்ஜ் முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சாக்கெட்டை மாற்றியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் சார்ஜ் செய்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் பதறுகிறது.

அடுத்தது வெள்ளம். பேட்டரிப் பெட்டிக்குச் சொல்லப்படும் ஐபி 67 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் உள்ளே புகாது என்பதற்கான சோதனை மட்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் நுழைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. உப்புநீர் பேட்டரிக்குள் போனால், வடிந்த பிறகும் படிந்து நிற்கும் உப்பு மின்சாரம் பாய வழி செய்துவிடும்; 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் சூறாவளிக்குப் பின் சில கார்கள் நாட்கள் கழித்து எரிந்தது இப்படித்தான். புயல் எச்சரிக்கை வந்ததுமே மேட்டுப்பகுதியில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் என் காரை நிறுத்திவிட்டு வருகிறேன். நீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாமலும் சார்ஜ் போடாமலும், வீட்டிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திச் சர்வீஸ் சென்டருக்குச் சொல்ல வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளங்களில் அடிப்பாகம் இடித்தால், பேட்டரிப் பெட்டியில் நசுங்கல் இருக்கிறதா என்று லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

மாடி வீட்டில் குடியிருக்கும் ஓர் அம்மாள், கார் வந்த முதல் வாரத்திலேயே, "தம்பி, எங்களுக்கு இறங்க இந்த ஒரு படிக்கட்டுதாம்ப்பா இருக்கு" என்றார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த சார்ஜிங் பாயின்ட்டைத் தெருவாசல் பக்கச் சுவருக்கு மாற்றினோம். காரும் இப்போது அங்கேதான் நிற்கிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து நெருக்கமான வீடுகளில், ஒரே படிக்கட்டை அடைத்தபடி மட்டுமே காரை நிறுத்த முடியும் என்றால், அங்கே வீட்டில் சார்ஜ் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் வெளியே பொதுச் சார்ஜிங் நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். இல்லையென்றால் இன்னும் சில காலம் பொறுத்திருக்கலாம்.