லீக்ஸ் வைக்க மூடிப் பெட்டியா, துளைப் பையா?

மரக்கறி வைக்கவென்று கடைகளில் விற்கும் நீள்சதுரப் பிளாஸ்ரிக் பெட்டியை லீக்ஸுக்காக மட்டும் வாங்க வேண்டாம். அடியில் துளைத்தட்டு, மூடியில் திறந்து மூடும் காற்றுவழி, விளிம்பைச் சுற்றி றப்பர் பட்டி என்று அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கரட்டுக்கும் போஞ்சிக்கும் உதவும். முழு லீக்ஸுக்கோ, துளை போட்ட சாதாரண பொலித்தீன் பைதான் சரி.

முதல் சிக்கல் நீளம். நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வரும் லீக்ஸ் இலையோடு அரை மீற்றர் வரை இருக்கும். நடுத்தரப் பெட்டியின் உள்நீளம் 30 சென்ரிமீற்றர் அளவுதான். மடக்கித் திணித்தால் மடிந்த இடம் நசுங்கி, அழுகல் அங்கேயே தொடங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். பிடுங்கிய பிறகும் லீக்ஸ் மூச்சுவிட்டு ஈரத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். காற்றுவழியை மூடினால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்து, அந்தத் தண்ணீர் லீக்ஸ் மேலேயே சொட்டும். துளைத்தட்டு அடியில் தேங்குவதை மட்டுமே வடிக்கும். இலைமடலுக்குள் இறங்கிய சொட்டு அங்கேயே நிற்கும். பிறகு வெளித்தோல் வழுவழுத்து நாறும். காற்றுவழியைத் திறந்து வைத்தால் வெட்டுமுனை காய்ந்து இலை சுருளும். மேலே டிஷ்யூ விரித்து, ஈரமாகும்போதெல்லாம் மாற்றினால் சமாளிக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு இவ்வளவு காவல் தேவைப்படக் கூடாது.

பையில் வைக்கும் முறை இதுதான். வேரோடு உள்ள, வெள்ளைத் தண்டு இறுக்கமான லீக்ஸாகத் தேர்ந்தெடுங்கள். கழுவ வேண்டாம். மண் அணைத்து வளர்ப்பதால் மடல்களுக்குள் மண் இருக்கும்தான், ஆனால் இப்போது கழுவினால் உள்ளே புகும் தண்ணீர் வெளியே வராது. வேரையும் நறுக்க வேண்டாம். ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டால் போதும். பச்சை தொடங்கும் இடத்திலிருந்து 5 முதல் 7 சென்ரிமீற்றர் விட்டு மேலே உள்ள இலையை வெட்டுங்கள். தண்டு வாடுவதற்குக் காரணமே அந்த அகன்ற இலைகள் வழியே போகும் ஈரம்தான். வெட்டிய இலையை எறிந்துவிடாதீர்கள், நம் சமையலில் கறிக்குப் பாதி அதுதானே! இரண்டு மூன்று நாளுக்குள் பருப்போடோ உருளைக்கிழங்கோடோ சேர்த்துவிடலாம்.

தண்டுகளை உலர்ந்த வெள்ளைத் தாளில் சுற்றிப் பையில் இடுங்கள். பையில் பென்சில் நுனியால் ஆறு முதல் எட்டுத் துளைகள் போதும். வாயைக் கட்டாமல் மடித்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கையாக வையுங்கள். பின்சுவரில் முட்டக் கூடாது: அங்கே உறைந்த தண்டு கண்ணாடிபோல் விறைத்து, வெளியே எடுத்ததும் துவண்டுவிடும். 4 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வாரம் தாராளமாக, புதிதாகப் பிடுங்கியதென்றால் இரண்டு வாரம் வரை நிற்கும். கொழும்புச் சூட்டில் வெளியே வைத்தால் அடுத்த நாளே தொய்யத் தொடங்கும்.

அப்பிள், பழுத்த மாம்பழம், பப்பாசி இருக்கும் தட்டில் வைக்காதீர்கள். பழங்கள் விடும் எதிலீன் வாயு லீக்ஸை மென்மையாக்கி அழுகலை விரைவாக்கும். பதிலுக்கு லீக்ஸின் வாடை அப்பிளிலும் முந்திரிகைப் பழத்திலும் ஏறும்.

பெட்டி உண்மையாகவே கைகொடுப்பது நறுக்கிய லீக்ஸுக்கு. நீளவாக்கில் பிளந்து, மடல்களை விரித்து இரண்டு தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக்கி நறுக்குங்கள். அடியில் டிஷ்யூ விரித்து, காற்றுவழியை மூடி வைத்தால் மூன்று நாள் சமையலுக்கு ஆயத்தம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் உறையவிட்டுப் பையில் மாற்றலாம். இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது. உருகவிடாமல் அப்படியே சட்டியில் போட வேண்டும். சூப்புக்கும் கறிக்கும் நன்று. பிரைட் ரைஸுக்குப் போட்டால் தண்ணீர் விட்டுச் சோறு குழையும்.

பெட்டி வாங்குவதென்றால் கடையிலேயே றப்பர் பட்டியை இழுத்துப் பாருங்கள். கழற்ற முடியாத பட்டிக்குள் லீக்ஸ் வாடை தங்கிவிடும். கழற்றக்கூடியதென்றால் அப்பச்சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.