கவுன்சிலின் தேர்தல், நிர்வாகக் குழு: எதற்குப் போகலாம், எதற்குப் போய்ப் பயனில்லை

குப்பை வண்டி ஒரு வாரம் வராவிட்டால் மறுநாளே கவுன்சிலுக்கு போன் போகும். வாக்குச்சாவடி இருபது நிமிட நடைக்கு அப்பால் மாறிப்போனால், தேர்தல் நாளன்றுதான் பலருக்குத் தெரியவரும். அப்போது கோபத்தைக் காட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர் மட்டுமே இருப்பார். அவருக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை. மாதங்களுக்கு முன்பே, ஏறக்குறைய காலியான பொதுமக்கள் இருக்கைகளுக்கு முன்னால், ஒரு குழு அதை முடிவு செய்திருக்கும். இங்கிலாந்தின் பெரும்பாலான கவுன்சில்களில் இந்த வேலையைச் செய்ய ஏதோ ஒரு குழு இருக்கிறது. ஓரிடத்தில் அதன் பெயர் ஜெனரல் பர்ப்பஸஸ் கமிட்டி, இன்னோரிடத்தில் கவர்னன்ஸ் கமிட்டி. கவுன்சில் டாக்ஸ் கட்டும் எல்லோருக்கும் உரிய சேவை இது. எந்த வேலையில் இது உருப்படியானது, எதில் வெறும் தபால்பெட்டி என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு அடிப்படை. தேர்தல் தொடர்பான அதிகாரங்களைக் கவுன்சிலின் கேபினெட் (அன்றாட முடிவுகளை எடுக்கும் சிறு நிர்வாக அணி) எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுத்திருக்கின்றன. அதனால்தான் இவை முழுக் கவுன்சிலுக்கோ அது அமைக்கும் குழுவுக்கோ போகின்றன. ஆனால் குழு நடுநிலையானது என்று நினைத்துவிடக் கூடாது. 1989 சட்டப்படி, கவுன்சிலில் கட்சிகளுக்கு உள்ள இடங்களின் விகிதத்திலேயே குழுவின் இடங்களும் பிரிக்கப்படும். பெரும்பான்மைக் கட்சிக்கு இங்கேயும் பெரும்பான்மைதான்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி வாக்குச்சாவடி மறுஆய்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது கட்டாயம். கடந்த சுற்றுக்கான காலம் 2023 அக்டோபர் 1 முதல் 16 மாதங்கள். அடுத்தது 2028 அக்டோபரில் தொடங்கும். இடையில் கவுன்சில் தானாகவும் நடத்தலாம். மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்பவர்களின் மனுக்கள்தான் முதலில் அடிபடும். எந்தத் தெரு எந்த வாக்குச்சாவடி வட்டாரத்தில் என்பதும், அந்த வட்டாரத்துக்கு எந்தக் கட்டடம் என்பதும் கவுன்சிலின் கையில். கட்டடத்துக்குள் எந்த அறை, எத்தனை மேசை, எத்தனை ஊழியர் என்பது தேர்தலை நடத்தும் அதிகாரியான ரிட்டர்னிங் ஆபீசரின் கையில். ‘வரிசை நீளமாக இருந்தது’ என்று குழுவிடம் சொல்வது தவறான கதவைத் தட்டுவது. ‘இந்த வட்டாரத்தில் வாக்காளர் எண்ணிக்கை ஒரு சாவடிக்குத் தாங்காது, பிரிக்க வேண்டும்’ என்பது சரியான கதவு. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 2,250 வாக்காளர் என்கிறது. உங்கள் வட்டாரத்தின் எண்ணிக்கை அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

பொதுமக்கள் அனுப்பும் கருத்துகள் பெரும்பாலும் ‘தூரம் அதிகம்’, ‘வசதியாக இல்லை’ என்ற ஒற்றை வரிகள். அவற்றை ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எடுபடுவது வேறு மாதிரி: எந்தச் சந்திப்பில் நடைபாதை விளிம்பு இறக்கப்படவில்லை, சக்கர நாற்காலிக்கு வாசலில் எத்தனை படி, கடக்க வேண்டிய சாலையில் சிக்னல் உண்டா, இரவு ஒன்பது மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் வெளிச்சம் எப்படி. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் பற்றித் தெரிந்தவர்களிடம் கருத்துக் கேட்பது கவுன்சிலின் சட்டக் கடமை. ஆகவே இந்த வகை விவரத்தைத் தள்ளுவது அவர்களுக்குக் கடினம்.

மாற்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் மனுவின் எடை கூடும். ஆனால் அந்த இடம் காலை 7 முதல் இரவு 10 வரை முழுதாகக் கிடைக்க வேண்டும், முன்னேற்பாட்டுக்கான நேரம் தனி. இன்னொன்று: நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தால் கையில் இருப்பது 25 வேலைநாட்கள்தான். கல்யாணங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவாகிவிடும் மண்டபம் இங்கேதான் தோற்றுப்போகும். கோயில் மண்டபத்தை முன்மொழிகிறவர்கள் முதலில் நிர்வாகத்திடம் திருவிழா நாள்காட்டியைக் கேட்டுக்கொள்வது நல்லது. சாவடி அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. விசேஷக் காரணம் இருந்தால் மட்டுமே வெளியே போகலாம்.

பள்ளிகள் பற்றிய வாதம் எல்லா மறுஆய்விலும் வரும். அரசு நிதியில் நடக்கும் பள்ளியின் அறையை ரிட்டர்னிங் ஆபீசர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வாடகை கிடையாது, விளக்கு, ஹீட்டிங் போன்ற செலவு மட்டும் திரும்பக் கிடைக்கும். அதனால் பள்ளி மலிவு. மாற்றாக வரும் தற்காலிக கேபினுக்கு வாடகை, மின் இணைப்பு, சரிவுப்பாதை எல்லாம் தனித்தனிச் செலவு. பெற்றோர் பள்ளி மூடப்படுவதை எதிர்த்தால், நடைதூரத்தில் உள்ள வேறு கட்டடத்தின் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். கேபின் யோசனை செலவுப் பத்தியில் செத்துவிடும்.

முடிவு பிடிக்காவிட்டால் தேர்தல் ஆணையத்திடம் முறையிட வழி இருக்கிறது. பதிவு செய்த 30 வாக்காளர்கள் சேர்ந்தால் போதும். ஆனால் இரண்டே காரணங்கள்: வாக்காளர்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, அல்லது மாற்றுத்திறனாளிகளின் அணுகலைப் போதுமான அளவு கருத்தில் கொள்ளவில்லை. ‘எங்களிடம் சரியாகக் கேட்கவில்லை’ என்பது தனியே ஒரு காரணமாகாது.

அடுத்து, பாரிஷ் (உள்ளாட்சியின் மிகச் சிறிய அடுக்கு) எல்லைகளையும் புதிய பாரிஷ் கவுன்சில் அமைப்பதையும் முடிவு செய்யும் சமூக ஆட்சி மறுஆய்வு. 2007 சட்டத்தின் கீழ் வருவது. லண்டனுக்குள் புதிய பாரிஷ் அமைக்க வழி திறந்ததும் அந்தச் சட்டமே. வெஸ்ட்மின்ஸ்டரில் குயின்ஸ் பார்க் சமூகக் கவுன்சிலுக்கு 2014இல் முதல் தேர்தல் நடந்தது அப்படித்தான். மக்களே மனுக்கொடுத்து மறுஆய்வைத் தொடங்க வைக்கலாம். வேண்டிய கையெழுத்துகள் பகுதியின் அளவைப் பொறுத்தவை. 500 வாக்காளருக்குக் குறைவென்றால் 37.5 சதவீதம், 500 முதல் 2,500 வரை என்றால் 187 பேர், அதற்கு மேல் 7.5 சதவீதம். 6,000 வாக்காளர் உள்ள பகுதிக்கு 450 கையெழுத்து.

450 வேண்டும் என்றால் 450 வாங்கி நிறுத்துவதுதான் இங்கே வழக்கமான தவறு. கையெழுத்திட்டவர் அந்தப் பகுதியின் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாத பெயர்கள் சரிபார்ப்பில் உதிரும். வீடு மாறி வந்து இன்னும் பதியாதவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வசிக்கும் நண்பர்கள், ஒரே நபர் இரண்டு தாளில் போட்ட கையெழுத்து என்று கழிந்துகொண்டே போகும். குறைந்தது நூறு கையெழுத்து கூடுதலாக வைத்திருக்க வேண்டும். மனுவில் பகுதியின் எல்லையும் கேட்கும் பரிந்துரையும் தெளிவாக இருக்க வேண்டும். வரைபடம் ஒன்றை இணைத்துவிட்டால் எல்லைச் சண்டை பாதி தீரும். கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பகுதியில் மறுஆய்வு முடிந்திருந்தால் மனுவை ஏற்கவேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை. இதைப் பார்க்காமல் தெருத்தெருவாக அலைவது வீண்.

மனுவால் தொடங்கிய மறுஆய்வு என்றால் மனு கிடைத்த நாளிலிருந்தும், கவுன்சில் தானாகத் தொடங்கியது என்றால் ஆய்வு வரம்பு (எதை ஆராய்வது என்று வரையறுக்கும் ஆவணம்) வெளியான நாளிலிருந்தும் 12 மாதங்களில் எல்லாம் முடிய வேண்டும். குழுவின் தரம் தெரிவது இந்தப் பன்னிரண்டு மாதங்களில்தான். நல்ல குழு முதல் கருத்துக்கேட்பில் திறந்த கேள்வியும், இரண்டாவதில் திட்டவட்டமான வரைவும் வைக்கும். மோசமான குழு ஆய்வு வரம்பையே குறுக்கிவிட்டு, ‘அது இந்த ஆய்வில் வராது’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்கும். எனவே ஆய்வு வரம்பு குழுவுக்கு வரும் முதல் கூட்டமே முக்கியமானது. பிறகு எத்தனை பேர் எழுதினாலும் வரம்புக்கு வெளியே நகராது.

எண்களும் உண்டு. 1,000 வாக்காளரோ அதற்கு மேலோ உள்ள புதிய பாரிஷுக்குக் கவுன்சில் அமைத்தே ஆக வேண்டும். 150 அல்லது அதற்குக் கீழ் என்றால் கூடாது. இடைப்பட்டதில் குழுவின் விருப்பம். உறுப்பினர் குறைந்தது ஐந்து பேர். பாரிஷ் கவுன்சில் தன் செலவை கவுன்சில் டாக்ஸோடு சேர்த்தே வசூலிக்கும். டி பேண்ட் (வரிக் கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் வகுப்பு) வீட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை பவுண்டு கூடும் என்ற மதிப்பீடு அறிக்கையில் இல்லையென்றால், கருத்துக்கேட்பில் வந்த ‘ஆம்’களுக்கு மதிப்பில்லை. எதற்கு ஆம் சொன்னோம் என்று தெரியாமலே சொன்னவை அவை.

வார்டு எல்லை விஷயத்தில் குழு தபால்பெட்டிதான். முடிவெடுப்பது உள்ளாட்சி எல்லை ஆணையம். எத்தனை கவுன்சிலர் வேண்டும், வார்டுகளை எப்படிப் பிரிக்கலாம் என்று குழு ஒரு முன்மொழிவு தயாரித்து அனுப்பும். நீங்களும் அதே ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம், கவுன்சிலின் அனுமதி தேவையில்லை. உங்கள் தெருவைப் பக்கத்து வார்டில் சேர்ப்பதைக் குழுவிடம் எதிர்த்து மூன்று நிமிடம் பேசுவதைவிட, ஆணையத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது மேல். பள்ளி, கடைத்தெரு, பேருந்துத் தடம், வழிபாட்டிடம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஆனால் கவுன்சிலருக்கான வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகும் யோசனைக்கு மிக வலுவான காரணம் வேண்டியிருக்கும்.

கவுன்சிலரின் நடத்தை மீதான புகார்கள் சில இடங்களில் இதே குழுவுக்கு வரும், சில இடங்களில் தனிக்குழு. இந்தச் சேவையின் ஆகப் பலவீனமான பகுதி இது. தவறு குழுவுடையது மட்டுமல்ல. 2011 சட்டத்துக்குப் பிறகு கவுன்சிலரை இடைநீக்கம் செய்யும் அதிகாரமே இல்லாமல் போனது. கண்டனம், பயிற்சிக்குப் போகச் சொல்வது, குழுக்களிலிருந்து எடுக்கும்படி கட்சிக்குப் பரிந்துரைப்பது, இவ்வளவுதான் மிச்சம். புகாரை முதலில் வடிகட்டுபவர், கவுன்சில் சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் அதிகாரியான மானிட்டரிங் ஆபீசர். விசாரித்து முடிவெடுக்கும் முன் கவுன்சிலுக்கு வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட சுயேச்சை நபர் ஒருவரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ‘என் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை’ என்ற வகைப் புகார்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நடத்தை விதியில் எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்தக் கூட்டம், யார் சாட்சி என்று கொடுத்தால் நகர வாய்ப்புண்டு.

குழுவின் வேலையே அல்லாதவையும் உண்டு. பட்டியலில் பெயர் விடுபட்டால் எலெக்டோரல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீசரிடம்தான் போக வேண்டும். இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்கள் செல்லுபடியாகும் விசாவோடு இருந்தால் இங்கே பதிந்து வாக்களிக்கலாம் என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. சாவடியில் காட்ட அந்தந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும். வாக்கு எண்ணிக்கையில் சந்தேகம் என்றால் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளாட்சித் தேர்தல் முடிந்த 21 நாட்களுக்குள் நீதிமன்ற மனு, அது ஒன்றே வழி. கவுன்சிலர் இடம் காலியானால் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. இரண்டு வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால் 35 வேலைநாட்களுக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கான வழக்கமான கவுன்சில் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் காலியானது மட்டும் விதிவிலக்கு.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: நிகழ்ச்சி நிரல் ஐந்து முழு வேலைநாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். வெளியிடும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. புதன்கிழமைக் கூட்டம் என்றால் முந்தைய செவ்வாய்க்குள் தாள்கள் வந்துவிடும். பேச அனுமதிப்பது அந்தந்தக் கவுன்சிலின் நிலையியல் விதியைப் பொறுத்தது, சட்ட உரிமை அல்ல. மூன்று நிமிடம் பரவலான அளவு, பெயர் கொடுக்கும் கெடு கூட்டத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடலாம். ஒலி, ஒளிப்பதிவு செய்ய மட்டும் 2014 முதல் சட்டப்படி உரிமை உண்டு.

அறிக்கையில் பரிந்துரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பை முதலில் படியுங்கள். பிறகு ‘பரிசீலித்த மாற்றுகள்’ பத்தி. ஒரு மாற்றை ஒரே வரியில் தள்ளியிருந்தால் அதிகாரியின் வாதம் அங்கே பலவீனம். மூன்று நிமிடப் பேச்சு மட்டும் குழுவின் மனத்தை மாற்றுவது அரிது. திருத்தம் வேண்டுமென்றால், அதன் வாசகத்தை எழுதி, கூட்டத்துக்கு முன்பே ஓர் உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், அந்த இரண்டு பேர் கிடைக்காவிட்டால் உங்கள் யோசனை வாக்கெடுப்புக்கே வராது. பழைய முடிவைத் தோண்ட வேண்டியிருந்தால் நடவடிக்கைக் குறிப்புகள் ஆறு ஆண்டுகள், பின்னணித் தாள்கள் நான்கு ஆண்டுகள் வரை பார்வைக்குக் கிடைக்கும்.

மதிப்பெண் வேண்டுமென்றால் வாக்குச்சாவடிக்கு ஐந்தில் நான்கு, பாரிஷுக்கு மூன்று, வார்டு எல்லைக்கு ஒன்றரை, நடத்தைப் புகாருக்கு ஒன்று. கவுண்டி, மாவட்டம் என்ற இரண்டடுக்கு உள்ளாட்சியை ஒழிக்கும் திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் அறிவித்த பிறகு, கலைக்கப்படவிருக்கும் மாவட்டக் கவுன்சில்கள் சில, தங்கள் நகரங்களுக்குப் பாரிஷ் கவுன்சில் அமைக்க மறுஆய்வுகளைத் தொடங்கின. அப்படிப்பட்ட மாவட்டத்தில் வசிப்பவர்கள் கவுன்சிலின் இணையதளத்தில் ஆய்வு வரம்பு எந்தத் தேதியில் வெளியானது என்று பாருங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே ஓடுகிறது, முதல் கருத்துக்கேட்பு அதன் தொடக்கத்திலேயே வரும்.