புடாபெஸ்டின் ‘பயங்கர இல்லம்’: அழுத்தமான காட்சிகள், போதாத விளக்கம்

ஹங்கேரியின் தலைநகரில் அந்திராஷி சாலை 60ஆம் எண் கட்டடத்தில் 2002 பிப்ரவரி முதல் இயங்கிவரும் ‘பயங்கர இல்லம்’ அருங்காட்சியகம், அரசு வன்முறை எப்படி நடந்தேறுகிறது என்பதை நேரில் உணரவைப்பதில் மிகச் சிறப்பானது. ஆனால் பாசிசமும் மார்க்சியத்தின் பெயரால் நடந்த ஆட்சியும் எங்கே வேறுபடுகின்றன என்று அறிய விரும்பி வருபவருக்கு அது போதாது. 1944 அக்டோபரில் ஜெர்மானியர் துணையுடன் ஆட்சியைப் பிடித்த ஃபெரென்ட்ஸ் சாலாஷியின் ஹங்கேரியப் பாசிசக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சிக்கு இக்கட்டடம்தான் தலைமையகம். போருக்குப் பின் கம்யூனிஸ்டுகளின் அரசியல் காவல்துறை இங்கேயே குடியேறி, இதே நிலவறைகளில் மனிதர்களை வதைத்தது.

காட்சியமைப்பைக் குறைசொல்ல முடியாது. நடுமுற்றத்தில் எண்ணெய் நிரம்பிய தொட்டியின் மேல் சோவியத் டாங்கி ஒன்று நிற்கிறது, அதன் பின்னே சுவர் முழுவதும் பலியானவர்களின் முகங்கள். நிலவறைக்கு இறங்கும் மின்தூக்கி வேண்டுமென்றே மிக மெதுவாக இயக்கப்படுகிறது. தூக்குத்தண்டனை எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதைப் பதற்றமில்லாத குரலில் ஒருவர் திரையில் விவரிக்க, கீழ்த்தளம் வரும்வரை அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

‘உடை மாற்றம்’ அறையில் சுழலும் உருவத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதன் ஒருபுறம் அம்புச் சிலுவைச் சீருடை, மறுபுறம் கம்யூனிஸ்டுச் சீருடை. அம்புச் சிலுவையின் சாதாரண உறுப்பினர் பலர் 1945க்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்த்துக்கொள்ளப்பட்டது உண்மையே. எனினும் ஆட்கள் மாறினார்கள் என்பதிலிருந்து அமைப்புகள் ஒன்றே என்ற முடிவுக்கு வர இயலாது. முசோலினியின் 1927ஆம் ஆண்டுத் தொழிலாளர் சாசனம் தனியார் முயற்சியே தேச நலனுக்கு மிகப் பயனுள்ள கருவி என்று அறிவித்தது. ஹிட்லர் 1933 மே 2 அன்று தொழிற்சங்கங்களை ஒழித்தாரே தவிர, க்ருப் (Krupp) குடும்பம் போன்ற ஆலை முதலாளிகளின் உடைமையைத் தொடவில்லை. முதலாளியும் தொழிலாளியும் தேசம் என்ற ஒரே உடலின் உறுப்புகள் என்றும், அதற்கு வெளியே உள்ள இனங்களே பகை என்றும் பாசிசம் சொன்னது. மார்க்சியமோ வர்க்க முரணையே வரலாற்றின் விசையாகக் கண்டு, உற்பத்திச் சாதனங்களில் தனியுடைமை ஒழிய வேண்டும் என்றது. கம்யூனிஸ்ட் தலைவர் ராகோஷி ஆண்ட ஹங்கேரியில் 1949 இறுதிக்குள் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்த தொழிலகங்கள்கூட அரசுடைமையாயின. கட்டாயத் தானியக் கொள்முதலால் விவசாயி பட்ட பாட்டைப் பன்றிக்கொழுப்புக் கட்டி வடிவிலான செங்கற்களால் ஆன புதிர்வழி ஒன்று நன்றாகவே காட்டுகிறது. ஆனால் சாலாஷியின் கட்சி பொருளாதாரத்தை எப்படி நடத்த எண்ணியது என்பதற்கு அதற்கு நிகரான அறை இல்லை.

பெரும்பாலான அறைகள் 1945க்குப் பிந்தைய காலத்துக்கே. 1944 மே முதல் ஜூலை வரை, சாலாஷிக்கு முன் ஆண்ட ஹோர்த்தி அரசுத் தலைவராக இருந்தபோதே, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். கட்டடத்தின் கதையை அக்டோபரிலிருந்து சொல்வதால் இது ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

மற்றொரு குறையும் உண்டு. உள்துறை அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் லாஸ்லோ ராய்க்கை 1949இல் தூக்கிலிட்டது அவருடைய கட்சியின் அரசுதான். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சியின் பிரதமர் இம்ரே நாகியும், அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்ற தத்துவவாதி லூகாச்சும் மார்க்சியர்களே. அன்று ஆலைகளைக் கைப்பற்றிய தொழிலாளர் மன்றங்கள் பழைய முதலாளிகளிடம் அவற்றைத் திருப்பித் தர மறுத்தன. அந்த ஆட்சியை மார்க்சியத்துக்கு உள்ளிருந்தே எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பது பார்வையாளர் மனத்தில் பதியும்படி இங்கே சொல்லப்படவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. அரை நாளாவது ஒதுக்குங்கள், ஒலி வழிகாட்டியைத் தவறாமல் வாங்குங்கள், சிறு குழந்தைகளை நிலவறைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். முடிந்தால் இதற்கு முன்பாகவே பாவா தெருவில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு மையத்தைப் பார்த்துவிடுங்கள். இங்கே விடுபடும் 1944இன் முதற்பாதியை அது விரிவாகச் சொல்கிறது.