கறையைச் சொத்தை என்று சொல்லி முன்பணம் வாங்கிய கதை

மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறாள். ஜூன் விடுமுறையில் எங்கள் பேட்டைக் கடைத்தொகுதியில் ஒரு பல் மருந்தகம், பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனை என்று பலகை வைத்திருந்தது. பலூன் வேறு. பலூனைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

அவள் பற்களில் ஈறை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு வரி இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சில மாதங்களாகவே எனக்குள் பயம். மருத்துவர் சின்னக் கண்ணாடியை வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ஏழு சொத்தை என்றார். எக்ஸ்ரே வேண்டாமா என்று கேட்டேன். கண்ணுக்கே தெரிகிறதே என்றார்.

அப்புறம் முகப்பில் இருந்த பெண் ஆரம்பித்தார். "மம்மி, இப்போதே செய்யாவிட்டால் அடியில் வளரும் பல்லும் கெட்டுவிடும்." மயக்க மருந்து கொடுத்து ஏழையும் ஒரே நாளில் அடைக்க 2,680 வெள்ளி. இன்றே 300 வெள்ளி முன்பணம் கட்டினால் தள்ளுபடி. மீதியை மெடிசேவில், அதாவது என் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லையே என்ற குற்ற உணர்வில் முன்பணத்தைக் கைப்பேசியிலேயே பேநவ்வில் அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு தேடிப் பார்த்தால், பிள்ளைகளின் பல் சிகிச்சையில் அறுவைச் சிகிச்சைக்குத்தான் மெடிசேவ். சாதாரண அடைப்புக்குக் கிடையாது. அங்கேதான் சந்தேகம் வந்தது. மயக்க மருந்துக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டேன்.

பள்ளி திறந்ததும் அங்குள்ள பல் மருந்தகத்தில் அவளைப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அது வெறும் கறை என்றார். வாயில் இருக்கும் சிலவகைக் கிருமிகளால் வருவதாம். இந்தக் கறை உள்ள பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருக்குமாம்! ஆனால் வேறோர் இடத்தில் சந்தேகம் என்று, அவுட்ரமில் உள்ள சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் மருத்துவ நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தார்.

அங்கே நான் பக்கத்திலேயே நின்றேன். சுழலும் சின்ன ரப்பர் கிண்ணத்தில் பச்சை நிறப் பசையைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, அந்தக் கறுப்பு வரி என் கண் முன்னால் அழிந்தது. "கூசுதும்மா" என்று சிரித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கறை திரும்ப வரலாம், வந்தால் மறுபடி தேய்த்துவிடலாம் என்றார்கள்.

பிறகு எக்ஸ்ரே. கீழ்க் கடைவாய்ப் பால்பற்கள் இரண்டும் ஒட்டும் இடத்தில் ஒரு நிழல். உண்மையான சொத்தை அதுதான். அந்த ஏழில் இந்தப் பல் இல்லவே இல்லை! ஏழையும் அடைத்திருந்தாலும் இது உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

மயக்கம் எதுவும் இல்லாமல், விழித்திருக்கும்போதே அடைத்தார்கள். ஒரு காசு கேட்கவில்லை. விழப்போகிற பல்தானே என்று என் மாமியார் கேட்டார். கடைவாய்ப் பால்பல் 10, 11 வயதுவரை நிற்க வேண்டியது. பிரஷ் நுழையாத இடம் என்பதால் இப்போது தினமும் இரவில் பல் இடுக்கில் நூல் விட்டு இழுக்கிறேன். படுக்கும்முன் இனிப்பான மைலோ பானம் கிடையாது. இந்த வீட்டில் அதுதான் பெரிய போராட்டம்.

பிள்ளைக்குச் சொத்தை என்று யாராவது சொன்னால், எந்தப் பல், எந்தப் பக்கம் என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே இல்லாமல் நீண்ட பட்டியல் தந்தால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்தக் கடைத்தொகுதி மருந்தகத்தில் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். பயனீட்டாளர் சங்கத்துக்கும் பல் மருத்துவ மன்றத்துக்கும் எழுதப்போகிறேன் என்றதும் 200 வெள்ளி வந்தது. மீதி 100 எதற்கு என்று ரசீதைப் பார்த்தேன். பரிசோதனைக் கட்டணமாம்.