பர்வதமலைக்கு வேன் யாத்திரை: வேலூர்க்காரர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

போளூர் அருகே, உச்சியில் சிவன் கோயில் உள்ள பர்வதமலைக்குப் பௌர்ணமி யாத்திரை என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் நேற்று மறுபடியும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதில் மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயில் வாசலில் சிரித்தபடி நிற்கும் கூட்டத்தில் நானும் என் அத்தையும் இருக்கிறோம். எங்களைக் கேட்காமல் போட்ட படம் அது. அந்தச் சிரிப்பைப் பார்த்து யாரும் பணம் கட்டிவிடக் கூடாது.

நாங்கள் போனபோது ஆளுக்கு 1,400 ரூபாய். வேன், காலைச் சிற்றுண்டி, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம் என்றார் ஏற்பாட்டாளர். மலை உச்சியில் சிறப்பு அபிஷேகம் என்று சொல்லித் தலைக்கு இன்னும் 500 வாங்கினார். பாலும் வில்வமும் வீட்டிலிருந்தே எடுத்துவருவதாக அத்தை சொன்னபோது, "எதையும் சுமக்காதீர்கள் அம்மா, அர்ச்சகர் மேலே தயாராக வைத்திருப்பார்" என்று தடுத்தவரும் அவர்தான்.

அதிகாலை 3 மணிக்கு வரவேண்டிய வேன் 5.40க்கு வந்தது. கண்ணமங்கலத்தில் இரண்டு பேர், போளூரில் மூன்று பேர் என்று இடுக்கி இடுக்கி ஏற்றிக்கொண்டு தென்மாதிமங்கலம் அடிவாரம் சேர்ந்தபோது மணி 9. சிற்றுண்டி கிடையாது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

சுமார் 4,500 அடி உயர மலை. படிக்கட்டு முடிந்ததும் காட்டுக்குள் கரடுமுரடான பாறை வழி. அதற்கும் மேலே கடப்பாறைப் படி: செங்குத்துப் பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் விடியலிலேயே புறப்படுவது, வெயில் ஏறுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டத்தான். நாங்கள் அங்கே நின்றது பகல் ஒன்றரை மணிக்கு. இரும்பு கையைச் சுட்டது. அத்தை முந்தானையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஏறினார். அவருக்கு 61 வயது. வழிகாட்டி என்று அனுப்பிய பையனும் அன்றுதான் முதல் முறையாக ஏறுகிறான் என்பது பாதி மலையில் தெரிந்தது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அனுப்பியவர் மேல்தான்.

உச்சிக் கோயிலில் சிவனான மல்லிகார்ஜுனர் சந்நிதியில் பக்தர்களே தங்கள் கையால் அபிஷேகம் செய்து, பூவைத்து வணங்கலாம். இந்த மலையின் பெருமையே அதுதான். ஆக, எங்களிடம் வாங்கிய 500 ரூபாய்க்கு அங்கே வேலையே இல்லை. எங்களுக்காக எந்த அர்ச்சகரும் காத்திருக்கவில்லை. முன்னால் நின்ற ஓர் அம்மா தூக்குவாளியைத் திறந்து பால் ஊற்றினார். அத்தை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லியிருந்தால் கொண்டுவந்திருப்பேனே கண்ணா" என்றார், என் பக்கம் திரும்பாமலேயே. அது காதில் விழுந்து, அந்த அம்மா வாளியின் அடியில் மிச்சமிருந்த பாலை அத்தையிடம் நீட்டினார். ஒரு கை அளவுதான் இருக்கும். முகம் தெரியாத அந்தத் தாய் நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கும்போது இளைஞர்கள் அந்தப் பையனோடு முன்னால் போய்விட்டார்கள். இந்த மலைக்குக் கடலாடிப் பக்கமும் ஒரு வழி உண்டு. வேன் அந்தப் பக்கம் போயிருக்கிறது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஆறு பேர் ஏறிய வழியிலேயே இறங்கி, இருட்டில் நின்றோம். "பத்து நிமிடத்தில் வேன் வரும்" என்ற ஏற்பாட்டாளரின் போன் அதோடு அணைந்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் போளூர் வந்து, பஸ் ஏறி, வீடு சேர நள்ளிரவு ஆகிவிட்டது.

மறுநாள் பணத்தைக் கேட்டேன். "சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா சார்?" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'நன்கொடை' என்று போட்டிருக்கிறது. வாங்கிய அன்றே நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் போளூரில் இறங்கினால் அங்கிருந்து அடிவாரத்துக்கு வண்டி கிடைக்கும். முந்தைய இரவே போளூர் போய்த் தங்கிவிடுங்கள். பாலை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன். அத்தையின் படத்தை அந்த விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.