ஷிமானோ யுஎன்300 பாட்டம் பிராக்கெட்: பழைய ஸ்டீல் ரோடு பைக்குக்கு நம்பி வாங்கலாம்
80கள்ல ஜப்பான்ல செஞ்ச மியாட்டா ரோடு பைக் ஒன்னு வச்சிருக்கேன், மிதிக்கும்போது கிராங்க் (பெடல் மாட்டுற கை) பக்கம் கரகரன்னு சத்தம், கையால ஆட்டுனாலும் ஆடுச்சு. பாட்டம் பிராக்கெட்டுன்னா கிராங்க் சுத்துற அச்சும் அதோட பேரிங்கும். பழைய கப் அண்ட் கோன் டைப்ப (பேரிங் பால் எல்லாம் தனித்தனியா இருக்கும்) கழட்டிப் பாத்தா கப்புக்குள்ள பால் ஓடுற தடமெல்லாம் குழிகுழியா இருந்துச்சு, கிரீஸ் மாத்துனா மட்டும் சரியாகாது. அதான் பேரிங் உள்ளயே மூடி ஒரே துண்டா வர்ற சீல்டு கார்ட்ரிட்ஜ் டைப் யுஎன்300 போட்டேன். சூப்பரா இருக்குங்க, பேரிங்க அட்ஜஸ்ட் பண்ற தலைவலியே இல்ல, மிதிச்சா வெண்ணெய் மாதிரி சுத்துது.

வாங்குறதுக்கு முன்னாடி ஷெல் (ஃப்ரேம்ல பாட்டம் பிராக்கெட் உக்கார்ற குழாய்) அகலத்த கண்டிப்பா அளங்க. 68 மிமீ இருந்தா பெரும்பாலும் பிரிட்டிஷ் த்ரெட் தான், ஆனா பழைய பிரெஞ்ச் பைக்கும் 68 தான் வரும், த்ரெட் வேற, அதுல இது ஏறாது. இத்தாலியன் ஷெல்னா 70. ஸ்பிண்டில் (நடு அச்சு) நீளமும் முக்கியம், பழைய ஸ்பிண்டில அளந்து அதே நீளம் எடுத்தா செயின்லைன் (செயின் ஓடுற நேர்க்கோடு) பெருசா மாறாது, நான் 113 மிமீ எடுத்தேன். பழைய காம்பக்னோலோ கிராங்க் வச்சிருக்கவங்க கவனம், அது ஐஎஸ்ஓ டேப்பர் (கிராங்க் உக்கார்ற அச்சு முனையோட அளவு), இது ஜேஐஎஸ், சரியா உக்காராது.

பிரிட்டிஷ் த்ரெட்ல செயின் பக்க கப்புக்கு இடது மரை, கழட்ட கடிகார திசைல திருப்பணும், தெரியாம எதிர்ப்பக்கம் பலம் குடுத்தா இன்னும் இறுகிடும். மாட்டும்போது த்ரெட்ல நிறைய கிரீஸ் தடவுங்க, ஸ்டீல் ஃப்ரேம்ல துரு புடிச்சா அடுத்த தடவ கழட்டவே முடியாது. கப்ப திருப்ப 20 பல் ஸ்ப்லைன் டூலும், கிராங்க கழட்ட கிராங்க் புல்லரும் வேணும். பேரிங் போச்சுன்னா முழுசா தான் மாத்தணும், ஆனா இந்த விலைக்கு அது பெரிய குறையே இல்ல.